தங்கம் தோண்டிய ஊரில் தலைக்கு மேல் ஓடு
கோரமண்டல் லைன் வீடுகளில் கூரை மாற்றும் வேலை

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப் பாதையில் வரும் ஒரு நிலையம் கோரமண்டல். அதற்கப்பால் உரிகம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம். சோழமண்டலம் என்ற சொல் வெள்ளைக்காரர் வாயில் புகுந்து கோரமண்டல் ஆயிற்று என்பார்கள். கடற்கரைக்கு உரிய அந்தப் பெயர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருக்கும் இந்தக் கல்லாங்காட்டு மேட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு விந்தைதான்.

சிதம்பரத்தில் ஆடல்வல்லான் சபைக்குப் பொன் ஓடு வேய்ந்திருக்கிறது. அந்த ஓடுகள் 21,600 என்றும், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு அது என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியிலிருந்து அந்தப் பொன்னை எடுத்தவர்கள் தமிழர்கள். வடஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து ஏறத்தாழ இரண்டு மைல் ஆழம் வரை இறங்கி வேலை செய்த குடும்பங்கள் அவை. ஆனால், அவர்கள் தலைக்கு மேல் இருந்தது பொன் ஓடு அல்ல. மூங்கில் தட்டியும், தகரமும், பிறகு சிலருக்கு மண் ஓடும்தான்.

அந்த மண் ஓட்டைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. மழைக்காலம் வருகிறது என்றால் தங்கவயல் லைன்களில் பேச்சு எல்லாம் கூரையைப் பற்றித்தான். ஓட்டைத் திருப்புவதா, புதிதாக வேய்வதா, எல்லாவற்றையும் எடுத்தெறிந்துவிட்டு ஷீட் போடுவதா? இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு.

தட்டி வீடும் லைன் வீடும்

ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்தார்கள். 1894இல் பவ்ரிங்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு ரயில் வந்தது. இன்றைய பங்காருப்பேட்டையின் பழைய பெயர்தான் பவ்ரிங்பேட்டை. 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. இந்தியாவில் பல பெரிய நகரங்கள் அகல் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் தங்கவயலில் மின்விளக்கு எரிந்தது.

ஆனால் அந்த வெளிச்சம் துரைமார் பங்களாக்களுக்கும் சுரங்க இயந்திரங்களுக்கும்தான். தொழிலாளி படுத்தது மூங்கிலைப் பிளந்து முடைந்த தட்டிகளை நட்டு எழுப்பிய குடிசையில். அதனால்தான் அந்த வீட்டுக்குத் ‘தட்டி வீடு’ என்று பெயர். நாள் செல்லச் செல்லக் கல்லும் செங்கல்லும் வைத்த வரிசை வீடுகள் வந்தன. அவைதான் ‘லைன்’கள். ஒரு அறை, ஒரு அடுப்பங்கரை, முன்னால் ஒரு சிறு திண்ணை. அடுத்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே சுவர். கூரையில் சில இடங்களில் தகரம், சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சில இடங்களில் மங்களூர் ஓடு.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற நிறுவனம் ஏற்பட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கம் ஓடிய காலத்தில் கூரை ஒழுகினால் மனுக் கொடுக்க ஓர் இடம் இருந்தது. மனுவின் மேல் ஆள் வர நாளாகும் என்பது வேறு விஷயம். மூடிய பிறகு அந்த இடமும் இல்லை. ஒழுகுகிற கூரை குடியிருப்பவரின் பொறுப்பாகிவிட்டது. குடியிருப்பவர்களுக்கே வீடுகளைச் சொந்தமாக்கித் தர வேண்டும் என்பது தங்கவயல் மக்களின் நீண்ட நாள் கோரிக்கை. பத்திரம் வரும்போது வரட்டும், மழை அதுவரை காத்திருக்குமா?

ஓடு வந்த வழி

மங்களூர் ஓடு என்பது மங்களூரில் பிறந்த யோசனை அல்ல. ஒன்றோடொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்கு 1841இல் பிரான்ஸ் நாட்டு அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்தோனி சகோதரர்கள் உரிமம் பெற்றார்கள். அந்த முறை 1865இல் நம் மேற்குக் கரைக்கு வந்தது. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியப் பாதிரியார் மங்களூர் ஜெப்புவில் முதல் தொழிற்சாலையைத் தொடங்கினார். நேத்ராவதி, குருபுர ஆறுகளின் கரைகளில் கிடைத்த களிமண் அந்த ஓட்டுக்கு ஏற்றதாக அமைந்தது.

அதற்கு முன் நம் ஊர்களில் இருந்தது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாய்போல் வனைந்து, நெடுக இரண்டாகப் பிளந்து சுடுவது. கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கடுக்காக வேய வேண்டும். எண்ணிக்கையும் அதிகம், பாரமும் அதிகம். காற்றில் நகரும், பூனை ஓடினால் நகரும், ஆண்டுதோறும் திருப்ப வேண்டும். மங்களூர் ஓட்டில் பக்கத்தில் பள்ளமும் வரம்பும் இருக்கின்றன. ஓர் ஓட்டின் வரம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஒரே அடுக்கு போதும். மரமும் குறைவு, மண்ணும் குறைவு. ஆகவே ரயில் நிலையங்கள், பள்ளிக்கூடங்கள், மாதா கோயில்கள், துரைமார் பங்களாக்கள் என்று அது பரவியது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறியது.

1907இல் மங்களூர் சென்னையோடு ரயில் பாதையால் இணைந்தது. அப்போதும் உள்நாட்டுக்கு வரும் சரக்கு பாலக்காட்டைச் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. ஹாசன்–மங்களூர் மலைப் பாதை திறந்தது 1979இல்தான். இன்றைக்கும் தங்கவயலில் ஒரு பழைய கூரையைப் பிரித்தால், ஓட்டின் அடிவயிற்றில் தொழிற்சாலையின் பெயரும் சின்னமும் அச்சடித்ததுபோல் தெரியும். அதைப் பார்த்துத்தான் ஓடு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று மேஸ்திரிகள் சொல்கிறார்கள்.

கணக்கில்லாமல் கூரை இல்லை

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்றார்கள். வீட்டைக் கட்டிவிட்டுக் கூரையில் கோட்டை விட்டவர்கள் பலர். ஓட்டு வேலை ஏணி ஏறும் முன்பே தரையில் தொடங்குகிறது. பன்னிரண்டு அடி அகலமும் இருபது அடி நீளமும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சரிவு.

முதல் கணக்கு சரிவு. மங்களூர் ஓட்டுக்கு இரண்டு அடி போனால் ஓர் அடியாவது ஏற வேண்டும். இந்த வீட்டில் சுவருக்கும் முகட்டுக்கும் இடையே ஆறு அடி. ஆகவே முகடு சுவரைவிட மூன்று அடி உயரம். அதற்குக் குறைந்தால் காற்றோடு வரும் மழை நீர் ஓட்டின் மேல் மடிப்பைத் தாண்டி உள்ளே ஏறிவிடும். ஒழுகுகிற வீடுகளில் பலவற்றுக்கு நோய் ஓட்டில் இல்லை, சரிவில்தான் இருக்கிறது. மரம் மிச்சம் என்று முகட்டைத் தாழ்த்தியவர்கள் ஆண்டுதோறும் வாளி வைக்கிறார்கள்.

இரண்டாவது கணக்கு கைமரத்தின் நீளம். ஆறு அடிக்கு மூன்று அடி ஏறினால் சரிவின் நீளம் ஆறே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. சுவருக்கு வெளியே இறவாரத்துக்கு ஒன்றரை அடி சேர்த்தால் எட்டு அடிக்குக் கொஞ்சம் அதிகம் வரும்.

மூன்றாவது கணக்கு ரீப்பர். ரீப்பர் என்பது கைமரங்களின் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டம். ஓட்டின் அடியில் இருக்கும் மூக்கு இதில்தான் கொக்கிபோல் மாட்டிக்கொள்கிறது. ஓட்டின் நீளம் பதினாறு அங்குலம். மேல் ஓடு கீழ் ஓட்டைச் சுமார் மூன்றரை அங்குலம் மூடும். மிச்சம் பன்னிரண்டரை அங்குலம்தான் ரீப்பருக்கு ரீப்பர் இடைவெளி. எட்டு அடிச் சரிவுக்கு எட்டு வரிசை.

இங்கேதான் அனுபவம் வேலை செய்கிறது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, சூளைக்குச் சூளை ஓடு கொஞ்சம் மாறும். ஆகவே நல்ல மேஸ்திரி ஏட்டுக் கணக்கை நம்பிச் சட்டம் அடிப்பதில்லை. வந்திறங்கிய ஓட்டில் சிலவற்றைத் தரையில் வரிசையாகப் பூட்டி, முதலில் நெருக்கித் தள்ளி அளக்கிறார். பிறகு பூட்டு விடாத அளவுக்கு இழுத்து அளக்கிறார். இரண்டுக்கும் நடுவில் வருவதே இடைவெளி. அந்த அளவுக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொண்டால் கடைசி ரீப்பர் வரை அந்தக் குச்சிதான் சட்டம்.

நான்காவது கணக்கு எண்ணிக்கை. பக்கப் பூட்டுப் போக ஓர் ஓடு மூடும் அகலம் எட்டேகால் அங்குலம். இருபது அடி வீட்டுக்கு இரு முனையிலும் ஓர் அடி வெளியே விட்டால் இருபத்திரண்டு அடி. ஒரு வரிசைக்கு 32 ஓடு. எட்டு வரிசைக்கு 256. இரு பக்கமும் சேர்ந்து 512. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 540 வாங்கினால் நடுவில் கடைக்கு ஓட வேண்டியதில்லை. பொதுவாக நூறு சதுர அடிக் கூரைக்கு ஏறத்தாழ 140 ஓடு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். முகட்டு ஓடு தனி.

ஐந்தாவது கணக்கைப் பலர் போடுவதே இல்லை. அது பாரம். ஓர் ஓடு இரண்டரை கிலோ என்றால் 512 ஓடு 1,280 கிலோ. மழையில் ஊறினால் இன்னும் கூடும். ஒரு டன்னுக்கு மேல் தலைக்கு மேல் நிற்கிறது! தகரம் இருந்த பழைய மரத்தின் மேல் அப்படியே ஓட்டை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தட்டிப் பார், சத்தம் சொல்லும்

பழைய கூரையைப் பிரித்த அன்று எந்த வீட்டிலும் கேட்கும் பேச்சு இது.

“இன்னாண்ணே, பழைய ஓட்டையே திருப்பிப் போட்டுக்கலாமா? புதுசு வாங்க முடியாதே” என்பார் வீட்டுக்காரம்மா.

“தட்டிப் பார்த்துட்டுச் சொல்றேம்மா. சத்தம் வந்தா போட்டுக்கலாம். சத்தம் செத்துப் போச்சுன்னா வேணாம்” என்பார் மேஸ்திரி.

இது வெறும் பேச்சல்ல. நன்றாக வெந்த ஓட்டை விரல் முட்டியால் தட்டினால் வெண்கலக் கிண்ணம்போல் ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தாலும், சூளையில் அரைவேக்காடாக வந்திருந்தாலும் ‘பொத்’தென்று கேட்கும். அடுத்த சோதனை கண்ணுக்கு. இரண்டு ஓட்டை முகத்தோடு முகம் வைத்துப் பிடித்தால் நெளிவு தெரிந்துவிடும். நெளிந்த ஓடு பக்கத்து ஓட்டையும் கெடுக்கும். ஓடுகளை நீர் உறிஞ்சும் அளவையும் தாங்கும் பாரத்தையும் வைத்து ‘ஏஏ’, ‘ஏ’ என்று இரண்டு தரமாகப் பிரிப்பது இந்தியத் தரக் குறிப்பின் முறை. மேஸ்திரியின் விரல் முட்டியும் அநேகமாக அதே தீர்ப்பைத்தான் சொல்கிறது.

பழைய ஓட்டில் பாசியும் கரியும் அப்பியிருக்கும். தேங்காய் நார்வைத்துத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். எண்பது ஆண்டு ஓடு மறுபடியும் எண்பது ஆண்டு போகும் என்று வேலைக்காரர்கள் சொல்வது ஓட்டுக்குச் சரி. மரத்துக்குச் சரியல்ல. சுவரில் பதிந்திருக்கும் கைமரத்தின் நுனிதான் முதலில் உளுத்துப்போகிறது. கத்தி முனையால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கரையானும் முதலில் அங்கேதான் வருகிறது.

கோலார்ப் பக்கத்தில் மலிவாகக் கிடைத்து வந்தது நீலகிரி மரம். பச்சையாக அடித்தால் முறுக்கிக்கொண்டு ரீப்பரையும் இழுத்துவிடும். காயவைத்த மரம்தான் வேண்டும். மரத்துக்குப் போக முடியாதவர்கள் இப்போது இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துச் சட்டமாக்குகிறார்கள். கரையான் இல்லை, உளுப்பும் இல்லை. துருவுக்கு மட்டும் செந்தூர வர்ணம் இரண்டு கை அடிக்க வேண்டும்.

கீழிருந்து மேலே

ஓடு வேய்வது இறவாரத்திலிருந்து முகட்டுக்கு. தலைகீழாக ஆரம்பிக்கவே முடியாது.

முதல் ரீப்பர் மற்றவற்றைவிட ஓர் ஓட்டுக் கனம் உயரமாக இருக்க வேண்டும். மற்ற வரிசை ஓடுகளுக்குக் கீழே தாங்க இன்னொரு ஓடு இருக்கிறது. முதல் வரிசைக்கு இல்லை. இந்த உயரத்தைக் கொடுக்காவிட்டால் முதல் வரிசை மூக்குக் குப்புறத் தொங்கும், அதற்கு மேலுள்ள பூட்டு எல்லாம் வாய் பிளக்கும். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். கூரை முழுக்க நேராக உட்காருவது இதில்தான் இருக்கிறது.

இறவாரத்தில் ஒரு நூல், முகட்டில் ஒரு நூல் இழுத்துக் கட்டுகிறார்கள். சுவர் கோணலாக இருந்தால் கூரையின் மூலை மட்டத்தை மூன்றடி, நான்கடி, ஐந்தடி முறையில் பார்க்கிறார்கள். பிறகு ஏணியில் ஆளுக்கு ஆள் நின்று ஓட்டைக் கைமாற்றுகிறார்கள். கீழே ஒருவர், நடுவில் ஒருவர், மேலே ஒருவர். பெரும்பாலும் வீட்டாரும் பக்கத்து வீட்டாரும்தான் இந்தச் சங்கிலி.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவது கூடாது. ஒரு பக்கம் அறுநூறு கிலோ ஏறி மறுபக்கம் வெறுமையாக நின்றால் மரம் ஒரு பக்கமாகச் சாயும். இந்தப் பக்கம் இரண்டு வரிசை, அந்தப் பக்கம் இரண்டு வரிசை என்று சமமாக ஏற்ற வேண்டும்.

ஓட்டின் மேல் நடப்பதும் ஒரு வித்தை. ரீப்பர் இருக்கும் இடத்தில்தான் மிதிக்க வேண்டும். நடு வயிற்றில் மிதித்தால் உடையும். பலகையோ சிறு ஏணியோ கிடத்தி அதன் மேல் போவதே நல்லது. இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வதை வெட்கமாக நினைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பத்தடி உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனால் குடும்பமே படுத்துவிடும். சுரங்கத்துக்குள் தலைத்தொப்பி இல்லாமல் இறங்காத ஊர் இது. கூரை மேல் ஏறுவதற்கும் அந்த ஒழுக்கம் வேண்டும்.

முகட்டில் இரு பக்கமும் வந்து சேர்ந்ததும் மேலே முகட்டு ஓடு. கடைசி வரிசையை இருபுறமும் மூன்று அங்குலமாவது அது மூட வேண்டும். ஓட்டை நனைத்துத்தான் சாந்து வைக்க வேண்டும். உலர்ந்த ஓடு சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும், பிறகு சாந்து பிடிக்காமல் பொரிந்து விழும். சிமெண்டை மட்டும் கெட்டியாகக் குழைத்து வைத்தால் வெயிலில் வெடிக்கும். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் நெகிழ்ந்து கொடுக்கும்.

ஓட்டின் அடிமூக்கில் ஒரு சிறு துளை உண்டு. அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கம்பி கட்டத்தான். சித்திரை, வைகாசியில் ஆலங்கட்டியோடு அடிக்கும் கோடை மழைக் காற்று முதலில் தூக்குவது இறவார வரிசையையும் முனை ஓடுகளையும்தான். அந்த வரிசைகளையாவது ரீப்பரோடு கம்பியால் முடிந்துவிட்டால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

நடுவில் ஒரு கண்ணாடி ஓடு வைக்க மறக்கக் கூடாது. லைன் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுவர், ஜன்னலுக்கு இடமில்லை. பகலிலேயே இருட்டு. ஒரே ஒரு கண்ணாடி ஓடு அடுப்பங்கரையில் விளக்குப் போடும் செலவைக் குறைக்கும்.

தங்கவயலுக்கென்று சில தொல்லைகள்

எல்லா ஊர் ஓட்டுக்கும் குரங்கும் பூனையும் எதிரி. தங்கவயல் ஓட்டுக்கு இன்னும் இரண்டு எதிரிகள் இருந்தனர்.

ஒன்று பாறை வெடிப்பு. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது மேலே தரை குலுங்கும், அலமாரிப் பாத்திரம் உருளும், சுவர் கீறும். கீழே யார் இருக்கிறார்கள் என்று பதறிப் பெண்கள் ஷாஃப்ட்டுக்கு ஓடிய நாட்களை முதியவர்கள் மறக்கவில்லை. சுவர் விலகிய வீட்டில் ஓட்டின் பூட்டும் விலகும். கூரை மாற்றுமுன் சுவரில் விரிசல் பார்ப்பது இந்த ஊரில் கட்டாயம். விரிசலின் மேல் ஒரு துண்டு காகிதமோ சாந்துப் பொட்டோ வைத்து, சில வாரம் கழித்து அது கிழிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கிழிந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அந்தச் சுவரின் மேல் ஒரு டன் பாரத்தை ஏற்றக் கூடாது.

மற்றொன்று சைனைடு மேடு. தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண் மலைபோல் குவிந்திருக்கிறது. காற்றுக் காலத்தில் அதன் மாவுபோன்ற தூசி ஊரெல்லாம் பறக்கும். ஓட்டின் பக்கப் பள்ளம் சிறு வாய்க்கால்போல் நீரைக் கீழே இறக்குவதற்கு இருக்கிறது. தூசியும் சருகும் அதை அடைத்துக்கொண்டால் நீர் வரம்பைத் தாண்டி வீட்டுக்குள் இறங்கும். ‘புது ஓடுதான், ஆனாலும் ஒழுகுதே’ என்று சலித்துக்கொள்ளும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பள்ளத்தைத்தான். ஆடி மாதத்துக்கு முன் ஒரு தென்னந்துடைப்பம் போதும்.

ஷீட்டா, ஓடா, கான்கிரீட்டா?

ஷீட் போட்டால் அரை நாளில் வேலை முடியும், சரிவு குறைந்தாலும் பரவாயில்லை, ஆள் கூலியும் குறைவு. இதெல்லாம் உண்மை. ஆனால் பங்குனி வெயிலில் தகரத்துக்குக் கீழே குழந்தையைப் படுக்க வைக்க முடியுமா? மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. மண் ஓடு நீரை உறிஞ்சி மெல்ல ஆவியாக்குகிறது. ஓட்டுக்கு ஓடு உள்ள சந்து வழியாக உஷ்ணக் காற்று வெளியேறுகிறது. அதுதான் ஓட்டு வீட்டின் குளுமைக்குக் காரணம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு வேறோர் எச்சரிக்கை. அதன் நார்த் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பழைய ஷீட்டைச் சுத்தியால் உடைப்பதும் ரம்பத்தால் அறுப்பதும் ஆபத்து. தண்ணீர் தெளித்து, திருகாணியைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். பாறைத் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதைச் சிலிகோசிஸ் நோயால் இருமி இருமி மாண்ட தகப்பன்மாரிடம் கண்ட ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது கான்கிரீட் ஓடும் வருகிறது. சிமெண்டும் மணலும் நிறமும் கலந்து அழுத்தி வார்ப்பது. அளவெல்லாம் ஒரே மாதிரி, நெளிவு இல்லை, உடைசல் குறைவு. ஓர் ஓடு நாலு கிலோவுக்கு மேல். அகலம் அதிகமாதலால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தாலும் கூரையின் மொத்த பாரம் மங்களூர் ஓட்டைவிட அதிகம்தான். ஆகவே புதிதாகக் கட்டும் வீட்டுக்குச் சரி. பழைய லைன் சுவருக்கும் பழைய மரத்துக்கும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். வெயிலில் நிறமும் மங்கும். மண் ஓட்டுக்கு நிறம் சூளை கொடுத்தது, அது மங்கினாலும் அழகுதான்.

ஒரு வரிசைக்கு ஒரே கூரை

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. லைன் வீட்டில் கூரை ஒருவருக்குச் சொந்தமல்ல. முகட்டு உத்திரம் பல வீடுகளின் மேல் நீண்டு போகிறது. நடு வீட்டுக்காரர் மட்டும் ஓட்டை எடுத்துவிட்டு ஷீட் போட்டால், ஓடும் ஷீட்டும் சந்திக்கும் இடத்தில் ஒழுகத் தொடங்கும். ஒழுகுவது அவர் வீட்டில் அல்ல, பக்கத்து வீட்டில். பூட்டிவிட்டுப் பெங்களூர் போய்விட்ட ஒரு வீட்டில் நான்கு ஓடு உடைந்தால், அங்கே இறங்கும் நீர் இரு பக்கத்துச் சுவரையும் ஊறவைக்கிறது. தங்கவயலில் நடக்கும் சண்டைகளில் கணிசமானவை இந்தச் சுவர் ஈரத்தில் பிறந்தவை.

சுரங்கம் மூடிய பிறகு இளைஞர்கள் விடியற்காலை வண்டியில் பெங்களூர் போகிறார்கள், இரவில் திரும்புகிறார்கள். அவர்களில் கட்டிட வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம். அங்கே பணக்கார வீடுகளுக்குக் கான்கிரீட் ஓடும் இரும்புச் சட்டமும் ஏற்றிவிட்டு, இங்கே ஒழுகும் கூரையின் கீழ் படுக்கிறார்கள். வேலை தெரிந்த கை ஊரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது. வேண்டியது ஏற்பாடு மட்டுமே.

சில வரிசைகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பத்து வீட்டார் சேர்ந்து மாதச் சீட்டுப்போல் பணம் போட்டு, கோடையில் வரிசை முழுவதையும் ஒரே தடவையாகப் பிரித்து வேய்கிறார்கள். மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் தொடர்ந்தாற்போல் வேலை. பிரித்த பழைய ஓட்டில் சத்தம் வருவதெல்லாம் ஒரு பக்கம் சேர்கிறது. அதை வைத்து மூன்று நான்கு வீட்டை முடித்துவிடலாம். மீதிக்குத்தான் புது ஓடு. பூட்டிய வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டுப் பங்கை வாங்கிவிடுகிறார்கள். தனியாகச் செய்தால் ஆகும் செலவும் குறைகிறது, சண்டையும் குறைகிறது.

பூமிக்கு அடியில் ஒருவன் உயிர் இன்னொருவன் கையில் என்று தெரிந்து வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். கீழே மரம் நட்டுப் பாறையைத் தாங்க வைத்த பழக்கம் பரம்பரையாக வந்தது. ஒரு வரிசை வீட்டுக்கு ஒரு கூரையைச் சேர்ந்து தாங்குவது அவர்களுக்குப் புதிதல்ல. ஆவணி பிறப்பதற்குள் கோரமண்டல் லைன்களில் இன்னும் சில வரிசைகள் இப்படிச் சேர்ந்துகொண்டால், ஐப்பசி மழைக்குப் பல வீடுகளில் வாளிக்கு வேலை இருக்காது.